மின்சார ரயிலில் போய் சைக்கிளில் சுற்ற: செங்கல்பட்டுக்கு அந்தப்பக்கம் நல்ல வழி எது?

பல்லாவரத்தான் | ஜனவரி 3, இரவு 9.12

வணக்கம். நானும் மனைவியும் போன வருடம் சைக்கிள் வாங்கினோம். ஞாயிறு தவறாமல் ஈ.சி.ஆர். பக்கம் கோவளம் வரை போய் வருகிறோம். இப்போது அது சலித்துவிட்டது. ஞாயிறு காலை அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது மாதிரி. முன்னால் இருபது பேர், பின்னால் இருபது பேர், நடுவில் ஹாரன்.

ஊரைத் தாண்டுகிற வேலையை ரயிலிடம் விட்டுவிட்டு, இறங்கிய இடத்திலிருந்து கிராமத்துச் சாலையில் ஓட்டலாமா என்று ஒரு யோசனை. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் முடியும். திருச்சி போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பும் ரயிலில் ஏறிவிட வேண்டும், பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்.

என்னுடையது சாதாரண கியர் சைக்கிள், மடங்காது. மனைவியினுடையது மடக்கு சைக்கிள். மின்சார ரயிலில் ஏற்ற விடுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஏரிக்கரையான் | ஜனவரி 3, இரவு 10.40

முதலில் ஒன்று. செங்கல்பட்டில் இறங்காதீர்கள்.

ரயிலில் வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. வண்டி செங்கல்பட்டோடு முடிகிறது என்று நினைத்து இறங்கி, நேரே தெற்கே ஜி.எஸ்.டி.யில் ஏறி, மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தில் லாரிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் "செங்கல்பட்டு மாவட்டத்தில் சைக்கிள் ஓட்ட ஒன்றும் இல்லை" என்று எழுதுவார்கள்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து திருமால்பூர் போகும் வண்டிகள் சில உண்டு. அவை செங்கல்பட்டிலிருந்து மேற்கே திரும்பி ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும். ஒற்றைத் தண்டவாளம், நின்று நின்றுதான் போவான். காலையில் கிளம்புகிற வண்டியைப் பிடியுங்கள். விட்டால் அடுத்ததுக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் முந்தின இரவே நேரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். உட்கார்ந்து போகிற சுகத்தில் ஒன்றையும் விடாதீர்கள்: செங்கல்பட்டு நிலையத்துக்குள் நுழையுமுன் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும். விடிகிற நேரமாக இருந்தால் தூக்கம் தானாகக் கலையும்.

இறங்க வேண்டியது பழையசீவரம். சின்ன நிலையம். வெளியே வந்து பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம், பெயரே அதுதான். வருடத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். ஆனால் 2021 நவம்பரில் இதே ஆறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவன் நான். அதைப் பார்த்த பிறகு "பாலாற்றில் ஏது தண்ணீர்" என்று கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஆற்றங்கரையிலேயே வேங்கடேசப் பெருமாள் கோயில். தொல்லியல் துறைப் பொறுப்பில் இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கொடுங்கள். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அந்தச் சுவரில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, இங்கே இருந்த கல்விச்சாலைக்கும் ஆதுலர் சாலைக்கும் யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. கட்டில் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய "சல்லியக்கிரியை பண்ணுவான்" ஒருவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். சரக்கறையில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும் என்பது வரை பட்டியல் உண்டு. நான் முதல்முறை போனபோது முட்டியில் சிராய்ப்போடு போயிருந்தேன். ஆயிரம் வருடம் முன்னால் வந்திருந்தால் கட்டு போட்டு அனுப்பியிருப்பார்கள்.

அங்கிருந்து தெற்கே உத்திரமேரூர், இருபதுக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஏறக்குறைய சமவெளி. உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் இன்னொரு இருபத்தொன்பது, முப்பது. காஞ்சிபுரம் நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மொத்தம் ஐம்பதைத் தாண்டும், அறுபதைத் தொடாது. ஏறிய இடம் வேறு, இறங்கிய இடம் வேறு என்பதால் ஒரே சாலையில் திரும்பி வருகிற அலுப்பு இல்லை. ரயிலில் போவதன் லாபமே அதுதான், காரில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது வாய்க்காது.

ஒரு எச்சரிக்கை. திருமுக்கூடல் பக்கம் கல்குவாரி லாரிகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமையே போங்கள், அதுவும் காலை எட்டரைக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். ஜல்லிப்பொடி கண்ணில் விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.


தாம்பரம் டவுன் | ஜனவரி 4, காலை 7.05

சைக்கிள் ஏற்றுவது பற்றி: வெண்டர் பெட்டியில் ஏறுங்கள். நான் நாலைந்து முறை ஞாயிறு முதல் வண்டியில் ஏற்றியிருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பூக்கூடை, காய்கறி மூட்டை எல்லாம் ஏறுகிற பெட்டி. சைக்கிளைக் கதவை அடைக்காமல் ஓரமாகச் சாய்த்து, பக்கத்திலேயே நின்றால் போதும்.


முள்ளும்மலரும்78 | ஜனவரி 4, காலை 8.31

ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அனுமதி என்று ஆகாது தம்பி. நானும் அப்படித்தான் ஏறினேன். ஒரு நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதுகூடப் பரவாயில்லை. பாதி வழியில், வெயில் ஏறுகிற நேரத்தில், ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நிற்க வேண்டியதாயிற்று. எதற்கு ரயில் ஏறினேனோ அதிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

பெட்டியில் இருந்த கீரைக்காரம்மா மட்டும் எனக்காகப் பேசினார். "அவரு சைக்கிளு என்ன, எம் மூட்டையில பாதிகூட இல்ல." எடுபடவில்லை.

புதிதாகக் கேட்டு வருகிறவர்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.


தாம்பரம் டவுன் | ஜனவரி 4, காலை 8.50

அண்ணா, நான் என் அனுபவத்தைத்தான் சொன்னேன். ஞாயிறு முதல் வண்டி என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஏறியது எத்தனை மணி வண்டி?


முள்ளும்மலரும்78 | ஜனவரி 4, காலை 9.02

ஏழரை மணி வண்டி. சரி, அது என் தப்புதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.


செங்கை வாத்தியார் | ஜனவரி 4, காலை 11.20

நான் உள்ளூர்க்காரன். இந்தச் சண்டைக்கு எங்கள் ஊரில் எப்போதோ தீர்வு கண்டுபிடித்தாகிவிட்டது. அதன் பெயர் சைக்கிள் ஸ்டாண்டு.

தாம்பரம், கிண்டி என்று வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து நிலையம் வரை ஓட்டி வந்து, ஸ்டாண்டில் போட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி செங்கல்பட்டு நிலைய ஸ்டாண்டில் மாதக் கணக்கில் நிறுத்திவிடுங்கள். ஞாயிறு கையை வீசிக்கொண்டு ரயிலில் வாருங்கள், துடைத்து, காற்றடித்து, கிளம்புங்கள். என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து அப்படித்தான் வருகிறான். அவனுடையது எங்கள் தாத்தா ஓட்டிய இருபத்திரண்டு இஞ்ச் வண்டி. கேரியர், செயின் கவர், டைனமோ எல்லாம் இருக்கிறது. விலையுயர்ந்த சைக்கிளை ஸ்டாண்டில் விட்டால்தான் தூக்கம் வராது, இதை யார் தொடப் போகிறார்கள்?


ஏரிக்கரையான் | ஜனவரி 4, மதியம் 12.15

வாத்தியார் சொல்வது அழகான யோசனை, ஒரே ஒரு குறை. வண்டி செங்கல்பட்டில் இருந்தால் பழையசீவரத்தில் எப்படி ஏறுவது? வாலாஜாபாத் சாலையில் பதினேழு கிலோமீட்டர் பஸ்ஸோடும் லாரியோடும் ஓட்டிப் போக வேண்டும். பழையசீவரத்தில் மாதக் கணக்கில் விட நம்பகமான இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

மடக்கு சைக்கிள்காரர்கள் மேற்கே போகலாம். பையில் போட்டுக் கட்டிவிட்டால் அது இன்னொரு மூட்டை, அவ்வளவுதான்.


செங்கை வாத்தியார் | ஜனவரி 4, மதியம் 12.40

அப்படியானால் ஸ்டாண்டுக்காரர்கள் கிழக்கே போகட்டும். செங்கல்பட்டு என்றால் மேற்கு மட்டும்தானா? எங்கள் பக்கத்துக்கு நியாயம் கேட்கிறேன்.

திருக்கழுக்குன்றம் சாலையில் கிளம்பிச் சிறிது தூரம் போனாலே வல்லம். சின்னக் குன்று, பாறையில் குடைந்த மூன்று குகைக்கோயில்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாமல்லபுரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே நிற்பதில்லை. தூணில் தமிழிலேயே எழுதியிருக்கிறது: மகேந்திரப் போத்தரசரின் அடியான் வயந்தப்பிரி அரசர், அவர் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் என்று. குத்தகைக்காரன் பெயர் இல்லை, திறப்பு விழா தேதி இல்லை. வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்திருக்கிறேன். 'க' மட்டும் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அங்கிருந்து கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், கீழே சங்குதீர்த்தம். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பூசாரி கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில் வருவது நின்றுவிட்டது. பாறை இருக்கிறது, கழுகு இல்லை. படியேறினால் சுற்றுவட்டார ஏரிகள் அத்தனையும் தட்டில் வைத்தது மாதிரி தெரியும்.

திரும்பும்போது அதே சாலையில் வராமல் பொன்விளைந்தகளத்தூர் வழியாக வாருங்கள். புகழேந்திப் புலவர் பிறந்த ஊர் என்று சொல்வார்கள். சாலை குறுகல், இரண்டு பக்கமும் வயல். மொத்தம் நாற்பதை ஒட்டி வரும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னே ரயிலில் இருக்கலாம்.


அல்லிக்குளம் | ஜனவரி 4, மாலை 6.55

பல்லாவரத்தான் அண்ணா, உங்கள் மனைவியும் வருவதால் யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். கழிப்பறை.

மேற்கே போகிற வழியில் பழையசீவரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் எதையும் நம்பாதீர்கள். செங்கல்பட்டு நிலையத்தில் வண்டி நிற்கும்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்க ஆரம்பித்து, உத்திரமேரூர் பஸ் நிலையம் வரை கணக்குப் போட்டுக் குடியுங்கள் என்று என்னிடம் ஓர் அக்கா சொன்னார். அது முட்டாள்தனம், வெயிலில் மயங்கி விழுவோம். நான் செய்வது வேறு. எந்த ஊரிலும் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்டுவிடுவேன். இதுவரை ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. திரும்பி வரும்போது ஒரு சொம்பு மோரும் வரும், எங்கிருந்து வருகிறாய், கூட யார், எத்தனை பிள்ளை என்ற விசாரணையும் வரும். அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் பெட்டியில் மடக்கு சைக்கிள் கொண்டுபோயிருக்கிறேன். முதல் பத்து நிமிடம் முறைப்பார்கள், அப்புறம் யாராவது மடக்கிக் காட்டச் சொல்வார்கள். மடக்கிக் காட்டினால் கூடுவாஞ்சேரிக்குள் அக்கா தங்கை ஆகிவிடலாம்.

நாய்கள்: வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அவற்றுக்குச் சுவாரசியம் போய்விடும்.


நாரைக்கூட்டம் | ஜனவரி 4, இரவு 8.10

ஜனவரி மாதத்தில் இவ்வளவு பேர் பேசி ஒருவர்கூட வேடந்தாங்கல் என்று எழுதவில்லையே! மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டியது நானா நீங்களா?

இந்தியாவின் பழமையான நீர்ப்பறவை சரணாலயங்களில் ஒன்று. 1798இலேயே, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்தில், ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால் இது வெறும் ஜீவகாருண்யம் மட்டும் இல்லை, விவசாயக் கணக்கும் உண்டு. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். பக்கத்துக் கரிக்கிலியும் இதுவும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இப்போது போனால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் நீர்க்கடம்பு மரங்களில் கிளை தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.


ஏரிக்கரையான் | ஜனவரி 4, இரவு 8.45

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் வழியாக வேடந்தாங்கல், அங்கிருந்து உத்திரமேரூர், பிறகு காஞ்சிபுரம் என்று போனால் எண்பதை நெருங்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு அதிகம். குறுக்கு வழி என்று படாளம் போனால் மறுபடி ஜி.எஸ்.டி. இப்போது கரும்பு அரைக்கிற காலம் வேறு, படாளம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் வரிசை கட்டும். பின்னால் போனால் கரும்புச் சோகைதான் முகத்தில்.


நாரைக்கூட்டம் | ஜனவரி 4, இரவு 9.00

இன்னொரு சிக்கலும் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். பறவைகள் இரை தேடிவிட்டுக் கூட்டமாகத் திரும்புவது சாயங்காலம். நாலு மணிக்கு மேல்தான் வானம் நிறையும். நீங்கள் சொல்கிற வழியில் போனால் காலை பத்து, பதினொன்றுக்கு அங்கே இருப்பீர்கள். குஞ்சுகள், கூடுகள் பார்க்கலாம், ஆனால் அந்தக் காட்சி கிடைக்காது. ஒரே நாளில் ரயிலையும் நாரையையும் பிடிக்க முடியாது. வேடந்தாங்கலுக்குத் தனியாக ஒரு நாள், இரவு தங்கி.


ஊரப்பாக்கம் ரைடர் | ஜனவரி 4, இரவு 10.12

சிங்கபெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடம் பக்கம் போகலாமே? கிட்டத்தில் இருக்கிறது.


செங்கை வாத்தியார் | ஜனவரி 4, இரவு 10.20

கார் ஏற்றிப் போகிற லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் ஓட்ட ஆசை இருந்தால் போகலாம்.


பஞ்சர்கடை பாஸ்கரன் | ஜனவரி 5, காலை 6.30

வழி எல்லாம் பேசியாயிற்று. டயரைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மாவட்டத்து ஏரிக்கரை எல்லாம் சீமைக்கருவேலம். வெட்டிய கிளையைச் சாலையோரம் இழுத்துப் போவார்கள், முள் தாரில் படுத்துக் கிடக்கும். மெல்லிய டயர் போட்ட வண்டிக்கு அதுதான் எமன்.

பஞ்சர் ஆனால் மாற்று ட்யூப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். டயருக்கு உள்ளே கட்டைவிரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். முள்ளின் நுனி உடைந்து உள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதுவும் போகும். வெறும் விரல் வேண்டாம் என்றால் பஞ்சுத் துண்டு, பழைய பனியன் துணி எது கிடைத்தாலும் ஓட்டுங்கள், முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும்.

இன்னொன்று. உங்கள் கியர் வண்டியில் ஒல்லி வால்வு இருந்தால் கிராமத்துக் கடைப் பம்பு அதில் பொருந்தாது. கடைக்காரர் பாவம், ஒல்லி வால்வைப் பிடித்து வளைத்து உடைத்தே விடுவார். திருகி மாட்டுகிற சின்னப் பித்தளை மூடி ஒன்று சைக்கிள் கடையில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். வாத்தியார் வீட்டுத் தாத்தா சைக்கிளுக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்லை.


பல்லாவரத்தான் | ஜனவரி 5, காலை 9.40

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் ஆசையாக இருக்கிறது. என் கியர் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, நண்பரிடம் ஒரு மடக்கு சைக்கிள் இரவல் கேட்டிருக்கிறேன். மேற்குதான் முதலில். பொங்கலுக்கு மறுநாள் லீவு, அன்றைக்கே போய்விடலாமா?


ஏரிக்கரையான் | ஜனவரி 5, காலை 10.05

கூடவே கூடாது! கணு அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைத் திருவிழாவுக்குப் பழையசீவரம் வருவார். மலைமேல் ஏறி, திருமுக்கூடலுக்கும் போவார். ஆற்றங்கரையில் தலை தலையாகத்தான் தெரியும். கும்பிடப் போங்கள், சைக்கிளோடு வேண்டாம். அதற்கு அடுத்த ஞாயிறு போங்கள்.


பல்லாவரத்தான் | ஜனவரி 25, இரவு 8.30

போய்விட்டு வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ரயிலில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு சைக்கிளையும் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டியிருந்தோம். எதிர் சீட்டுப் பெரியவர் "தையல் மெஷினா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பழையசீவரத்தில் நடைமேடையிலேயே அவிழ்த்து விரித்தபோது ஜன்னல் வழியாக அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

பாலத்தில் நின்றோம். கீழே தடுப்பணைத் தண்ணீரில் பனி இன்னும் போகவில்லை. நாலைந்து பேர் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி மூன்றே மூன்றுதான் வந்தது. திருமுக்கூடலில் அந்த மருத்துவமனைக் கல்வெட்டை எங்களால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை, ஆனால் எந்தச் சுவர் என்று அங்கிருந்த காவலாளி காட்டினார். மனைவி செவிலியர். "நர்சுக்கு எவ்வளவு நெல்லுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டு அவரைத் திணறடித்துவிட்டாள். ஏரிக்கரையான் சார், தெரிந்தால் சொல்லுங்கள், வீட்டில் இன்னும் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

உத்திரமேரூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் எனக்குப் பஞ்சர். பாஸ்கரன் அண்ணன் வாக்கு பலித்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டைவிரலை ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. சுற்றி நின்ற பையன்களில் ஒருவன், பத்து வயது இருக்கும், "அண்ணே, இப்படி இல்ல" என்று டயரை வாங்கி உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் பிதுக்கி வெயிலில் பிடித்தான். கடுகளவு கறுப்புப் புள்ளி. பல்லால் கடித்து இழுத்துத் துப்பினான். நான் பம்பு அடிக்கும் வரை அவன் மனைவியின் சைக்கிளில் மூன்று சுற்று போய் வந்தான். கணக்குச் சரி.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் பூட்டியிருக்குமோ என்று பயந்தோம், திறந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகள் என்று பள்ளியில் படித்ததுதான். வேட்பாளருக்கு வயது 35இலிருந்து 70க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் கூடாது. இது எல்லாம் தெரிந்த விஷயம். எனக்குப் புதிதாக இருந்தது வாரியங்களின் பட்டியல். தோட்டத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று, அப்புறம் ஏரிக்கென்றே தனியாக ஏரி வாரியம். அதைப் படித்துவிட்டு வெளியே வந்து, அந்த ஊர்ப் பெரிய ஏரிக்கரையில் ஓட்டினோம். பல்லவர் காலத்திலேயே வயிரமேகத் தடாகம் என்று பெயர் வைத்த ஏரியாம். இப்போது கரை ஓரம் பிளாஸ்டிக். வாரியத்தில் இப்போது யார் இருக்கிறார்களோ.

சாப்பாடு உத்திரமேரூரிலேயே. இட்லி தீர்ந்து பொங்கல்தான் இருந்தது, அதுவும் போதும். மாகறல் வரை வெயில் உறைக்கவில்லை. மாகறலுக்கு மேல், காஞ்சிபுரம் வரும் கடைசிப் பத்து கிலோமீட்டர் மட்டும் போக்குவரத்தும் எதிர்க்காற்றும் சேர்ந்து கழுத்தை அறுத்தது. மறுபடி போனால் அதிகாலை காஞ்சிபுரத்தில் இறங்கி, பழையசீவரத்தில் முடிப்பேன் என்று நினைக்கிறேன்.


ஏரிக்கரையான் | ஜனவரி 25, இரவு 9.15

அருமை. ஆனால் திருப்பிப் போகாதீர்கள். அப்படிப் போனால் லாரிகளைப் பதினோரு மணிக்குச் சந்திப்பீர்கள், பழையசீவரத்தில் மதிய வண்டியைத் தவறவிட்டால் உட்கார நிழலும் குறைவு. எதிர்க்காற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள், காஞ்சிபுரத்தில் காபி நன்றாக இருக்கும்.

செவிலியர் நெல் கணக்கை இந்த வாரம் நூலகம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.


பஞ்சர்கடை பாஸ்கரன் | ஜனவரி 25, இரவு 9.22

அந்தப் பையன் எந்த ஊர்? கடைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லலாம்தான், படிக்கிற பிள்ளை, வேண்டாம்.


பல்லாவரத்தான் | ஜனவரி 26, காலை 7.50

இன்னொரு செய்தி. வாத்தியார் பேச்சைக் கேட்டு, குரோம்பேட்டையில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். கறுப்பு, கம்பி பிரேக், மணி மட்டும் புதுசு. நேற்று மாலையே மினி வேனில் போட்டு செங்கல்பட்டு ஸ்டாண்டில் விட்டாயிற்று. அடுத்தது வல்லமும் கழுக்குன்றமும்.

ஸ்டாண்டுக்காரர் தகர டோக்கன் ஒன்று கொடுத்தார். தொலைந்தால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்றார். சைக்கிளுக்கு ஏது ஆர்.சி. என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்ப தொலைக்காதீங்க" என்றார்.


செங்கை வாத்தியார் | ஜனவரி 26, காலை 8.15

டோக்கனையும் வண்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆர்.சி. அப்புறம் சார், வாரநாளில் அந்த வண்டி சும்மாதானே நிற்கும்? என் மாணவன் ஒருவன் பாலூர் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து நிலையத்திலிருந்து நடந்தே பள்ளிக்கு வருகிறான். ஞாயிறு உங்களுக்கு, மற்ற நாள் அவனுக்கு. காற்றும் எண்ணெயும் அவன் பொறுப்பு.


பல்லாவரத்தான் | ஜனவரி 26, காலை 8.21

டோக்கன் எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன். சீட் உயரம் கொஞ்சம் அதிகம், அவனுக்கு எட்டாவிட்டால் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.